சுவர் வாடகை

இரவு இரண்டு மணிக்குத்தான் அனுப்புவோம்.
விறகடுப்பு அணைந்து, வானொலி ஓய்ந்து,
சிலோயே தீவுகள் மழைக்குள் புரண்டு படுக்கும் நேரம்.
காஸ்த்ரோவில், இரண்டாம் மாடியில்,
ஆறிப்போன மாத்தே கோப்பையோடு நான்.

மீட்டர்களுக்குப் புது மென்பொருள்.
ஒரே வாயில் விழுங்காது அதன் சின்ன வயிறு;
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு துண்டாக நறுக்கி ஊட்டவேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் 'வந்தது' என்று அது சொல்லவேண்டும்.
சொல்லாவிட்டால் மறுபடி அதே துண்டு.
கடைசித் துண்டும் சேர்ந்து,
கூட்டிப் பார்த்துச் சரியாக இருந்தால்தான்
பழையதை விட்டுப் புதியதற்கு மாறும்.
அதுவரை பழையதே ஓடும்.
பாதிப் புத்தியோடு உறைந்துபோன மீட்டரை எழுப்ப
படகில்தான் போகவேண்டும்.

கோபுரம் எட்டாத வீட்டுக்குப்
பக்கத்து வீட்டு மீட்டர் சொல்லும்.
அது அடுத்ததற்கு.
வேலித் தகராறில் முகம் பாராதவர்களின் சுவர்கள்
இரவெல்லாம்
ஒன்றின் காதில் ஒன்று ஓதிக்கொண்டிருக்கும்.

வில்கே தீவின் வட கோடியில் மூன்று வீடு.
ஒன்பது இரவாகப் பேச்சு மூச்சில்லை.
திரையில் மூன்று சாம்பல் புள்ளி.
மழை என்றேன். தகரக் கூரை என்றேன்.
ஆன்டெனாவைத் திருப்பச் சொன்னேன்,
துண்டுகளை இன்னும் சிறிதாக்கினேன்.
பத்தாம் இரவு வரைபடத்தைப் பெரிதாக்கினால்
மூன்றுக்கும் முன்னால் ஒரு வெற்றிடம்.
ரெமிஹியோவின் வீடு.

அந்த மீட்டரைக் கழற்றியது நான்தான்.
மே மாதம், நான்கு மாத நிலுவைக்காக.
நான்கு திருகாணிகளையும்
அவரே உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்,
சேற்றில் விழுந்தால் நான் தேடவேண்டியிருக்குமே என்று.

படகேறினேன்.
கதவைத் திறந்தவர் கையில் மெழுகுவத்தி.
மணி நான்குதான்; மழை இருட்டு.
சொன்னேன்: உங்கள் சுவர் வேண்டும்.
மீட்டர் மட்டும் மாட்டுகிறோம்.
கம்பத்திலிருந்து அதற்கு மட்டும் கரண்ட்.
வீட்டுக்குள் வராது.

"பேசக் கரண்ட் உண்டு.
உட்கார்ந்து சாப்பிட இல்லை."
அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை.
நான் ஈரச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குளோரிந்தா வீட்டில் கரண்ட் போனால்
மீட்டரே உங்களுக்குச் சொல்லுமா?"
சொல்லும். அணைவதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை.
"அவள் புருஷன் மூச்சு இயந்திரத்தில் படுத்திருக்கிறான்.
மாட்டு."
உள்ளே போய்
மீன் டப்பா ஒன்றைக் குலுக்கிக்கொண்டு வந்தார்.
அதே நான்கு திருகாணிகள்.

அன்றிரவு
அவர் சுவர் வழியாக எல்லாம் போயின.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறும், மூன்று முறை.
நாற்பத்தேழாவது மட்டும் குளோரிந்தா வீட்டு வாசலில் தயங்கியது;
திரும்பக் கொடுத்ததும் போனது.
விடியுமுன் மூன்று புள்ளியும் பச்சை.
நான்காவதும் பச்சைதான்,
நுகர்வு: பூஜ்யம்.

ஒரு மாதம் கழித்து ஒரு கடிதம்.
கோடு போட்ட தாள், தச்சுப் பென்சில்.
சுவர் வாடகை, முப்பத்தோரு இரவு.
ஆணி அடித்த துளை நான்கு, தனிக் கட்டணம்.
தூக்கத்தின் நடுவே மினுக்கும் பச்சை விளக்குக்குக் கழிவு,
அந்த வெளிச்சத்தில் பூட்ஸைத் தேட முடிகிறதாம்.
மொத்தத்தின் கீழ் இரட்டைக் கோடு.
அவருடைய நிலுவை எவ்வளவோ அவ்வளவு, ஒரு பெசோ பிசகாமல்.

கூட்டிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.

எங்கள் படிவத்தில் வாடகைக்குக் கட்டமில்லை.
மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்; பதில் இல்லை.
அடுத்த இரவும் அதையே எழுதினேன்.
அவருக்கு மட்டும் ஒற்றை வரி போட்டேன்:
வந்தது.

அதுவரை
பழையதே ஓடுகிறது.